பெட்டியும் பேனாவும்: கணினி மொழியியல் பிறந்த கதை

சென்ற கல்வியாண்டின் இறுதியில் முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் நம்மைத் தேடி வந்தார். "ஐயா, கணினி மொழியியல் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தேன். இளங்கலையில் கணிதமோ கணினி அறிவியலோ படித்திருக்க வேண்டுமாம். தொல்காப்பியம் எழுத்தும் சொல்லும் முழுமையாகப் பாடம் கேட்டிருக்கிறேன் என்று சொன்னேன். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை என்றார்கள்" என்றார். சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கேட்ட நமக்குத்தான் சிரிக்க முடியவில்லை.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, நம் ஊரிலேயே உள்ள பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவர் வேறொரு ஐயத்தோடு வந்திருந்தார். தமிழ்ச் சொற்பிழை திருத்தி ஒன்றை இறுதியாண்டுத் திட்டப்பணியாகச் செய்துகொண்டிருந்தார். 'மரம்' என்ற சொல்லோடு 'கள்' சேர்த்தால் தம் நிரல் 'மரம்கள்' என்று எழுதுகிறது, இதற்கு ஏதேனும் விதி உண்டா என்பது அவர் கேள்வி. பத்தாம் வகுப்போடு அவருக்குத் தமிழ் இலக்கணம் விடைபெற்றிருந்தது. விதி தெரியாததால், தவறாக வரும் சொற்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு வைத்திருந்தார். அந்தப் பட்டியல் முடிவற்று நீண்டுகொண்டிருந்தது.

ஒருவருக்கு இலக்கணம் தெரியும், வாயில் அடைத்திருக்கிறது. மற்றவர் உள்ளே இருக்கிறார், இலக்கணம் தெரியாது. இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது? இத்துறை தொடக்கத்திலிருந்தே இப்படித்தான் இருந்ததா? இக்கேள்விகளோடு வரலாற்றைப் புரட்டியபோது கிடைத்தவற்றையே இங்குப் பகிர்ந்துகொள்கிறோம்.

ஒரு கடிதமும் ஒரு குறிப்பும்

கணினி மொழியியலின் முதல் விதை ஒரு மொழியறிஞரின் தோட்டத்தில் விழவில்லை. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையில் இயற்கை அறிவியல் பிரிவின் இயக்குநராக இருந்த வாரன் வீவர் ஒரு கணிதவியலாளர். இரண்டாம் உலகப் போரில் எதிரிகளின் மறைகுறிச் செய்திகளை உடைத்துப் படித்த வெற்றி அன்றைய கணிதவியலாளர்களின் நினைவில் பசுமையாக இருந்தது. 1947 மார்ச்சில் வீவர், நோபர்ட் வீனருக்கு ஒரு கடிதம் எழுதினார். ரஷ்ய மொழியில் உள்ள ஒரு கட்டுரையை, ஆங்கிலத்தில் எழுதப்பட்டு வேறு குறிகளில் மறைக்கப்பட்ட ஒன்றாகவே தமக்குக் கருதத் தோன்றுகிறது என்பது அதன் சாரம். வீனருக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. சொற்களின் எல்லைகள் மொழிக்கு மொழி மங்கலானவை என்று மறுத்து எழுதினார். வீவர் விடவில்லை. 1949 ஜூலையில் 'மொழிபெயர்ப்பு' என்ற தலைப்பில் ஒரு குறிப்பை எழுதிப் பலருக்கும் அனுப்பினார். இயந்திர மொழிபெயர்ப்பு ஆராய்ச்சி அமெரிக்காவில் தொடங்குவதற்கு அக்குறிப்பே காரணமாயிற்று.

மொழி என்பது மறைகுறியா? தமிழ் படித்தவர்களுக்கு இக்கேள்வி வியப்பாக இருக்கும். மறைகுறியை உடைத்தால் உள்ளே ஒரே ஒரு செய்தி இருக்கும். மொழியை உடைத்தால் உள்ளே இருப்பது இன்னொரு மொழி அன்று, ஓர் உலகம். ஆனால் இந்தத் தவறான உவமைதான் ஒரு துறையைத் தொடங்கி வைத்தது என்பதையும் மறுக்க முடியாது.

இருநூற்றைம்பது சொற்கள், ஆறு விதிகள்

1954 ஜனவரி 7. நியூயார்க்கில் ஐ.பி.எம். நிறுவனத் தலைமையகத்தில் ஒரு செய்முறை விளக்கம் நடந்தது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து நடத்தியது. ரஷ்ய மொழி அறியாத ஒருவர் ரஷ்ய வாக்கியங்களை ரோமன் எழுத்தில் துளை அட்டைகளில் பதித்து இயந்திரத்திற்குள் செலுத்த, ஆங்கில வாக்கியங்கள் அச்சாகி வெளிவந்தன. அறுபதுக்கும் மேற்பட்ட வாக்கியங்கள். மறுநாள் செய்தித்தாள்கள் கொண்டாடின.

அந்த இயந்திரத்துக்குத் தெரிந்தவை 250 சொற்களும் ஆறு இலக்கண விதிகளும் மட்டுமே. வாக்கியங்கள் அவ்விதிகளுக்குள் அடங்குமாறு முன்னதாகவே தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஆறு விதிகளை வகுத்தவர் பால் கார்வின் என்ற மொழியியலாளர். அவற்றைக் கணினிக்குரியவையாக்கியவர் பீட்டர் ஷெரிடன். முதல் செய்முறையிலேயே ஒரு மொழியியலாளரும் ஒரு நிரலாளரும் அருகருகே அமர்ந்திருந்தார்கள் என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். ஜார்ஜ்டவுன் குழுவின் தலைவர் லியோன் டோஸ்டர்ட், நியூரம்பர்க் போர்க்குற்ற விசாரணையில் உடனுக்குடன் மொழிபெயர்க்கும் முறையை அமைத்தவர். மொழிபெயர்ப்பின் இடர்கள் அவருக்குத் தெரியாதவை அல்ல. ஆயினும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் முக்கியமான துறைகளில் இயந்திர மொழிபெயர்ப்பு கைகூடிவிடும் என்று அவரும் கணித்தார்.

1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. ரஷ்ய அறிவியல் கட்டுரைகளை உடனுக்குடன் படித்தாக வேண்டும் என்ற பதற்றம் அமெரிக்காவைப் பற்றிக்கொண்டது. பணம் பெருகி ஓடியது. பனிப்போரின் அச்சத்தில் வளர்ந்த பிள்ளை இத்துறை என்று சொன்னால் மிகையாகாது.

பார்-ஹில்லெலின் பெட்டி

யெஹோஷுவா பார்-ஹில்லெல் ஒரு தத்துவவாதி, தருக்கவியலாளர். 1951இல் எம்.ஐ.டி. நிறுவனத்தில் இயந்திர மொழிபெயர்ப்புக்கென்றே முழுநேர ஆய்வாளராக அமர்த்தப்பட்ட முதல் மனிதர் அவர். அந்தக் கனவை அடித்து நொறுக்கியவரும் அவரே. 1960இல் வெளியான அறிக்கையில் அவர் ஒரு சிறு கதை சொன்னார். ஒரு குழந்தை தன் பொம்மைப் பெட்டியைத் தேடுகிறது; கடைசியில் கண்டுபிடித்துவிடுகிறது; பெட்டி 'பென்'னுக்குள் இருந்தது. ஆங்கிலத்தில் 'பென்' என்றால் எழுதும் பேனா. குழந்தை விளையாடுவதற்கான சிறு அடைப்புக்கும் அதே சொல். பேனாவுக்குள் பெட்டி இருக்க முடியாது என்பது நமக்குத் தெரியும். இயந்திரத்துக்கு யார் சொல்வது? உலகத்தைப் பற்றிய அறிவு முழுவதையும் அதற்குள் வைத்தாலொழிய இது நடவாது. அது நடவாத காரியம். ஆகவே மனிதத் துணையில்லாத உயர்தர மொழிபெயர்ப்பு இயலாது என்று அவர் முடித்தார்.

தமிழில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமானால் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. 'பூக்காரர் வருவதற்குள் மாலை வந்துவிட்டது' என்று ஒரு வாக்கியம். வந்தது பொழுதா, தொடுத்த பூவா? நம் நிகண்டு ஆசிரியர்கள் இச்சிக்கலை நன்கறிந்தவர்கள். திவாகரத்தின் பன்னிரண்டு தொகுதிகளில் ஒன்று 'ஒருசொல் பல்பொருள்' குறித்த தொகுதி. ஒரு சொல்லுக்குரிய பொருள்களைப் பட்டியலிட்டுத் தரும் பணியை அது செய்கிறது. ஆனால் பட்டியலிலிருந்து இடமறிந்து ஒன்றைத் தேர்வது படிப்பவன் பொறுப்பு. பார்-ஹில்லெல் கேட்டது, அந்தப் படிப்பவன் இயந்திரமாக இருந்தால் என்ன செய்வது என்பதே.

தோல்வியில் கிடைத்த பெயர்

1964இல் அமெரிக்க அரசு ஏழு பேர் கொண்ட குழுவொன்றை அமைத்தது. தலைவர் பெல் ஆய்வகத்தின் ஜான் பியர்ஸ். சுருக்கமாக 'அல்பாக்' என்றழைக்கப்பட்ட இக்குழுவின் அறிக்கை 1966 நவம்பரில் வெளிவந்தது. ஏறத்தாழ 2 கோடி டாலர் செலவாகியிருக்கிறது. இயந்திரம் தருவதை மனிதர் திருத்த வேண்டியிருக்கிறது. மொழிபெயர்ப்பாளர்களுக்கோ நாட்டில் பஞ்சமில்லை என்று அறிக்கை கூறியது. நிதி வறண்டது. பல ஆய்வுக்குழுக்கள் கலைந்தன. அமெரிக்காவில் இயந்திர மொழிபெயர்ப்பு என்ற சொல்லைச் சொல்லவே கூச்சப்பட்ட காலம் ஒன்று தொடங்கியது.

ஆனால் அந்த அறிக்கையின் இன்னொரு பக்கம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மொழிபெயர்க்கும் இயந்திரத்துக்குக் கொட்டும் பணத்தை நிறுத்திவிட்டு, மொழி எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கணினியைக் கொண்டு ஆராயும் அடிப்படை அறிவியலுக்கு ஆதரவளிக்க வேண்டும் என்றும் அக்குழு பரிந்துரைத்தது. அந்த அறிவியலுக்குக் கணினி மொழியியல் என்ற பெயர் அப்போது புதிது. பெயரைச் சூட்டியவராகக் கருதப்படும் டேவிட் ஹேஸ் அக்குழுவின் உறுப்பினர்களில் ஒருவர். 1967இல் இத்துறையின் முதல் பாடநூலை எழுதியவரும் அவரே. 1962இல் இயந்திர மொழிபெயர்ப்பையும் கணினி மொழியியலையும் சேர்த்துப் பெயராகக் கொண்டு தொடங்கிய ஆய்வாளர் சங்கம், 1968இல் முதற்பாதியை உதறிவிட்டுக் கணினி மொழியியல் சங்கமாயிற்று. ஆக, உடனடிப் பயன் தராது என்று கைவிடப்பட்ட இடத்தில்தான் இது ஒரு கல்வித்துறையாக, பட்டப்படிப்பாக வேர்விடத் தொடங்கியது.

மூன்று மாணவர்கள்

இத்துறைக்குள் வந்தவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள்? மூவரை மட்டும் பார்ப்போம்.

முதலாமவர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ். கேம்பிரிட்ஜில் வரலாறு படித்தவர். பின்பு ஓராண்டு தத்துவம். சிறிது காலம் பள்ளி ஆசிரியை. விட்கென்ஸ்டைனின் மாணவியான மார்கரெட் மாஸ்டர்மன் நடத்திவந்த மொழி ஆய்வு மன்றத்தில் சேர்ந்தார். ராஜெட்டின் சொற்களஞ்சியத்தைக் கணினிக்குள் கொண்டுவந்து சொற்பொருளைப் பிடிக்க அம்மன்றத்தார் முயன்றுகொண்டிருந்தனர். பொருள்வகையால் சொற்களைத் தொகுக்கும் அந்நூல் ஏறத்தாழ நம் நிகண்டுக்கு ஆங்கில உறவு எனலாம். ஒருபொருட் பன்மொழிகளை வகைப்படுத்துவது பற்றிய அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு 1964இல் முடிந்தது. 1972இல் அவர் ஓர் எளிய கருத்தை முன்வைத்தார்: எல்லா ஆவணங்களிலும் வரும் சொல்லுக்குத் தேடலில் மதிப்புக் குறைவு, சிலவற்றில் மட்டும் வரும் சொல்லுக்கு மதிப்பு மிகுதி. பின்னாளில் வந்த தேடுபொறிகளுக்கு இக்கருத்து ஓர் அடித்தளம். இவ்வளவு செய்தவருக்கு கேம்பிரிட்ஜில் பேராசிரியர் பதவி கிடைத்தது 1999இல்தான். அதுவரை பல்லாண்டுகள் தற்காலிக ஆய்வுநிதிகளில் ஓட்டினார்.

இரண்டாமவர் நம் நாட்டவர். 1929இல் புணேயில் பிறந்த அரவிந்த் ஜோஷி. புணேயிலும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் மின்பொறியியல் கற்று, பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர். அங்கே மொழியியலாளர் ஸெல்லிக் ஹாரிஸின் திட்டத்தில் சேர்ந்து, 1950களின் இறுதியில் யூனிவாக் கணினியில் ஆங்கில வாக்கியங்களைப் பகுத்துக் காட்டும் நிரலை உருவாக்கிய குழுவில் பங்காற்றினார். 1960இல் முனைவர் பட்டம். 1975இல் மர ஒட்டு இலக்கணம் என்ற கோட்பாட்டை இருவரோடு சேர்ந்து வெளியிட்டார். வாக்கியத்தைச் சிறு சிறு மரங்களாகக் கண்டு, ஒன்றில் மற்றொன்றை ஒட்டி வளர்க்கும் முறை அது. கணினி மொழியியல் சங்கம் வாழ்நாள் சாதனை விருதை நிறுவி, 2002இல் முதன்முதலில் வழங்கியது அவருக்கே. பொறியாளராகச் சென்று இலக்கணிகளின் காலடியில் அமர்ந்தவர் அவர்.

மூன்றாமவர் பின்லாந்தின் கிம்மோ கொஸ்கென்னியெமி. ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லுக்கு நாலைந்து வடிவங்கள்தாம். எல்லாவற்றையும் அகராதியில் போட்டு வைத்துவிடலாம். ஆகவே உருபனியலை ஆங்கிலம் பேசிய ஆய்வாளர்கள் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. பின்னிஷ் மொழி தமிழைப்போல ஒட்டுநிலை மொழி. அங்கே பட்டியல் எடுபடாது. 1983இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்துக்கு அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, சொல்லுக்கு இரண்டு தளங்களைக் கண்டது. அகத்தளத்தில் உறுப்புகள் அப்படியே இருக்கும்; புறத்தளத்தில் நாம் எழுதும் வடிவம் இருக்கும்; இரண்டையும் விதிகள் இணைக்கும். அதே விதிகளைக் கொண்டு சொல்லை ஆக்கவும் முடியும், பிரிக்கவும் முடியும்.

நம் வகுப்பறை மொழியில் சொன்னால், அகத்தளத்தில் 'மரம் + கள்'. புறத்தளத்தில் 'மரங்கள்'. நடுவே இருப்பது திரிதல். தோன்றல், திரிதல், கெடுதல் என்று நன்னூல் வழியாக நாம் ஆண்டுதோறும் நடத்தும் பாடம். பொறியியல் மாணவரின் முடிவற்ற பட்டியலுக்கு மருந்து இங்கே இருந்தது. 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்துதான்' என்று நாம் ஒரே மூச்சில் எழுதும் சொல்லுக்குள் வா, கொள், இரு என்ற வினைகளும், கால இடைநிலையும், பெயரெச்ச விகுதியும், பலர்பால் ஈறும், வேற்றுமைச் சொல்லுருபும், இடைச்சொல்லும் வரிசை பிறழாமல் நிற்கின்றன. அவ்வரிசையை அறிந்தவருக்கு விதி எழுத வரும். அறியாதவர் பட்டியல்தான் போடுவார்.

இதனால் தொல்காப்பியர் அன்றே கணினியைக் கண்டார் என்று நாம் மேடையேறிச் சொல்லப் போவதில்லை. அத்தகைய முழக்கங்கள் தொல்காப்பியருக்கும் பெருமை சேர்ப்பதில்லை, கணினிக்கும் பயன்படுவதில்லை. நூற்பா மனிதனுக்குச் சொல்லப்பட்டது. சொல்லாமல் விட்டதை உரையாசிரியர் நிரப்புவார். இயந்திரத்துக்கு உரையாசிரியர் கிடையாது. விட்ட இடத்தில் அது விழும். அந்த இடைவெளியை நிரப்பும் உழைப்புதான் இத்துறையின் உழைப்பு.

மொழியியலாளரை வெளியேற்றிய கதை

இத்துறையில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு நகைச்சுவை உண்டு. ஐ.பி.எம். நிறுவனத்தில் பேச்சை உணரும் கணினிக்கான குழுவை 1972 முதல் வழிநடத்திய ஃப்ரெட் ஜெலினெக், குழுவிலிருந்து ஒரு மொழியியலாளர் நீங்கும்போதெல்லாம் தம் கணினியின் திறன் கூடுகிறது என்று சொன்னாராம். பல வடிவங்களில் இது உலவுகிறது. அவர் குழு விதிகளை எழுதவில்லை. முந்தைய இரு சொற்களைக் கொண்டு அடுத்த சொல் எதுவாக இருக்கக்கூடும் என்று நிகழ்தகவால் கணித்தது. 1990இல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் இதே வழியில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கும் முறையை வெளியிட்டனர். இரு மொழிகளிலும் அச்சாகும் கனடா நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்புகளே அதற்கு உணவு. வீவரின் மறைகுறி உவமை நாற்பதாண்டு கழித்து உயிர்பெற்று வந்தது. இன்று பல்கலைக்கழகங்கள் கணிதம் கேட்பதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆனால் ஜெலினெக்கின் வாழ்க்கையில் இன்னொன்றும் உண்டு. எம்.ஐ.டி.யில் தகவல் கோட்பாடு படித்த காலத்தில் சாம்ஸ்கியின் வகுப்புகளில் சென்று அமர்ந்தவர். மொழியியலுக்கே மாறிவிடலாமா என்று எண்ணியவர். 2004இல் லிஸ்பனில் ஒரு விருதேற்பு உரைக்கு அவர் வைத்த தலைப்பு, தம் நெருங்கிய நண்பர்கள் சிலர் மொழியியலாளர்கள் என்று பொருள்படுவது. தவிரவும், நிகழ்தகவு முறைகள் பகுப்பாய்வில் கால்பதித்தது எதன் மீது? பென்சில்வேனியாவில் 1989 முதல் மிட்ச் மார்கஸ் குழுவினர் தொகுத்த 45 லட்சம் சொற்களைக் கொண்ட தரவகம் அவற்றுள் முதன்மையானது. ஒவ்வொரு சொல்லும் இன்ன வகை என்று குறித்துச் சரிபார்த்தவர்கள் மொழிப் பயிற்சி பெற்ற மனிதர்கள். முன்வாசல் வழியாக அனுப்பப்பட்ட இலக்கணம் பின்வாசல் வழியாக உள்ளே வந்து அமர்ந்துகொண்டது.

நம் பக்கத்தில்

இந்தியாவில் கான்பூர் ஐ.ஐ.டி.யில் வினீத் சைதன்யா, ராஜீவ் சங்கல் ஆகியோர் பாணினியின் காரகக் கோட்பாட்டை அடிப்படையாக்கி இந்திய மொழிகளைக் கணினியில் பகுக்க முயன்றனர். 1995இல் அது நூலாகவும் வந்தது. சொல்வரிசை நெகிழும் நம் மொழிகளுக்கு ஆங்கில வாய்பாடு பொருந்தாது என்ற தெளிவு அதில் இருந்தது. பின்னர் ஹைதராபாதில் கணினி அறிவியலோடு கணினி மொழியியலையும் சேர்த்துப் பயிலும் இரட்டைப் பட்டம் ஏற்பட்டது. தமிழில் 1992இல் வெளியான க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, இலக்கியமும் இதழும் படிப்போர் எல்லோரும் அறிந்த முயற்சி. சென்னை குரோம்பேட்டையில் உள்ள ஆய்வு மையத்திலும் வேறு சில பல்கலைக்கழகங்களிலும் தமிழுக்கான சொற்பகுப்பிகள் உருவாயின.

2017இல் எண்மர் எழுதிய ஒரு கட்டுரையில் பிறந்த 'டிரான்ஸ்ஃபார்மர்' அமைப்பும், 2022 நவம்பரில் வந்த சாட்ஜிபிடியும் எல்லாவற்றையும் மாற்றிவிட்டதாகச் சொல்கிறார்கள். பெட்டி எந்த 'பென்'னுக்குள் இருந்தது என்று இன்று கேட்டால் இயந்திரம் சரியாகவே சொல்கிறது. அவ்வகையில் பார்-ஹில்லெல் தோற்றார். அடுத்த சொல் எது என்ற ஜெலினெக்கின் பழைய கேள்வியே இவற்றின் உள்ளும் இயங்குகிறது.

ஆனால் இவை சொல்லைச் சொல்லாக எடுத்துக்கொள்வதில்லை. அடிக்கடி வரும் துண்டுகளாக வெட்டிக்கொள்கின்றன. பெரும்பகுதி ஆங்கிலத்தைத் தின்று வளர்ந்தவை ஆதலால், ஆங்கிலச் சொல் முழுதாக நிற்கும் இடத்தில் தமிழ்ச் சொல் பல துண்டுகளாகச் சிதறுகிறது. ஆங்கில எழுத்தொன்றுக்குக் கணினியில் ஒரு பைட் போதும் என்றால், 'கொ' என்ற ஓரெழுத்துக்கு ஆறு பைட் வேண்டியிருக்கிறது. வெட்டு விழும் இடம் பகுதியா, இடைநிலையா, விகுதியா என்று அந்தக் கத்தி பார்ப்பதில்லை. இதைப் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்கள். அவர்கள் வாயிலுக்கு வெளியே நிற்கிறார்கள். இதில் இழப்பு அம்மாணவிக்கு மட்டும் என்று எண்ணினால் நாம் வரலாற்றைச் சரியாகப் படிக்கவில்லை என்று பொருள்.

தவறு ஒரு பக்கம் மட்டும் இல்லை. தமிழ்த்துறைகளில் நாமும் இலக்கணத்தை மனப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் உரியதாகச் சுருக்கிவைத்தோம். கணிதம் நமக்கு வராது என்பதை ஒரு பெருமையாகவே சொல்லிக்கொண்டோம். வரலாற்று மாணவியான ஸ்பார்க் ஜோன்ஸ் எண்ணுவதற்குக் கூசவில்லை. பொறியாளரான ஜோஷி இலக்கணம் கேட்பதற்குக் கூசவில்லை.

அந்த மாணவியிடம் நாம் சொன்னது இதுதான். "கணிதம் கேட்பது தவறில்லை அம்மா. நிகழ்தகவைப் படி, நிரல் எழுதப் பழகு. ஆனால் தொல்காப்பியத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவர்கள் கேட்டது அவர்களுடைய படிவத்தின் குறை, உன் படிப்பின் குறை அன்று." அத்தோடு பொறியியல் மாணவரின் தொலைபேசி எண்ணையும் கொடுத்தோம். இருவரும் சனிக்கிழமைகளில் நம் துறை நூலகத்தின் மூலை மேசையில் சந்திக்கிறார்கள். மகர ஈற்றுப் புணர்ச்சியை அவர் சொல்ல, இவர் விதியாக எழுதினார். பட்டியலில் இருந்த சொற்களில் பெரும்பாலானவற்றை அன்றே அழிக்க முடிந்தது. இப்போது குற்றியலுகரத்தில் நிற்கிறார்கள். மாணவி இந்த ஆண்டும் விண்ணப்பிக்கப் போகிறார்.